குடைக் கோஷ்டியும் கழித்தல் ஆறும்

எடை மேடை பழுதுபார்க்கிறவனுக்குப் பாஸ்போர்ட் எதற்கு என்று என் மைத்துனன் கேட்டான். நியாயமான கேள்விதான். நாமக்கல்லில் லாரிக்குப் பஞ்சமில்லை. லாரி இருக்கும்வரை அதை ஏற்றி நிறுக்கும் மேடைக்கும் பஞ்சமில்லை. இருபத்திரண்டு வருஷமாக மாவட்ட எல்லையைத் தாண்டாமலே என் பிழைப்பு ஓடியிருக்கிறது. ஆனால் எங்கள் கம்பெனி திருகோணமலைத் துறைமுகத்தருகே ஒரு சரக்குக் கிடங்குக்கு மேடை விற்றுத் தொலைத்திருந்தது. அது இப்போது காலி லாரியைக்கூட நாற்பது கிலோ கூட்டிக் காட்டுகிறதாம். போய்ச் சரிபண்ணிவிட்டு வா என்றார்கள். போனேன்.

புதன்கிழமை கொழும்பிலிருந்து கிளம்பிய பஸ், கந்தளாய்க்குச் சற்று முன்னால் இருமி, முனகி, நின்றுவிட்டது. ஃபேன் பெல்ட் அறுந்துபோயிற்று. கண்டக்டர் எதிரே வந்த மோட்டார் சைக்கிளை மறித்து ஏறிக்கொண்டு பெல்ட் வாங்கப் போனார். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் டிரைவரின் மூன்று தலைமுறையும் நடுரோட்டுக்கு வந்திருக்கும். இங்கே யாரும் வாயைத் திறக்கவில்லை. இறங்கி, மரத்தடியில் நின்று, வயலைப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் எதையும் திட்டாமல் நிற்பது எனக்கு மிகவும் சிரமமாக இருந்தது.

பக்கத்து சீட்டில் வந்த அம்மா மூதூருக்குப் போகிறவர். சாலையோரக் கடையில் ஒரு சட்டித் தயிர் வாங்கி, மேலே கித்துள் பாணியை ஊற்றி, பாதியை எனக்குத் தந்தார். எருமைத் தயிர், கரண்டியை நட்டால் நிற்கும். பாணி என்றால் இங்கே வெல்லப் பாகு. எங்கே தங்கப் போகிறேன் என்று கேட்டார். ஓர்ஸ் ஹில்லில் பிலோமினா என்பவர் வீட்டில் அறை சொல்லியிருக்கிறது என்றேன்.

“குடைக் கோஷ்டி பிலோமினாவா?” அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “என்ட கலியாணத்துல பாடினவங்க அவங்க மூணு பேரும். கடைசியில அவ ‘ஓம்’ எண்டு ஒரு இழுவை இழுத்தா பாருங்க, எங்கட வாப்பா சிரிச்சுச் சிரிச்சுக் கதிரையால விழுந்தார். இப்பயும் பாடுறாவா?”

எனக்கு எப்படித் தெரியும்? நான் நாற்பது கிலோவைத் தேடி வந்தவன்.

கதவைத் திறந்த பிலோமினா அக்காவுக்கு ஐம்பத்தொன்பது வயது. பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் ஒரு மெல்லிய தழும்பு, அதன்மேல் ஒரு சிலுவைச் சங்கிலி. “வாங்கோ தம்பி. பஸ் நிண்டுபோச்சுதாமே, பாவம்” என்றார். குரலைக் கேட்டதும் எனக்குக் காது சூடாகிவிட்டது. மூன்று நாள் முன்பு போனில் அறை கேட்டபோது இதே கரகரத்த கட்டைக் குரல்தான் எடுத்தது. நான் வரிக்கு வரி ‘சரிங்க சார், நன்றிங்க சார்’ என்று சொல்லியிருந்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். “ஓம், நான்தான் அந்தச் சேர். கவலைப்படாதேங்கோ, இப்ப எல்லாரும் அப்பிடித்தான் கூப்பிடுகினம்” என்று சிரித்தார். சிரித்துவிட்டு, குசினிக்குள் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். குசினி என்றால் சமையலறை, சேர் என்றால் சார்.

இரவுக்குப் பிட்டும் கணவாய்க் கறியும். எங்கள் பக்கத்துப் புட்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இது தேங்காய்ப்பூவும் சொதியுமாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. கணவாய் என்ற பிராணியை அதுவரை நான் தொட்டதில்லை. மூன்றாவது முறை கேட்டு வாங்கிக்கொண்டேன். சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒரு படம் இருந்தது. நடுவில் காலில் சிவப்புச் சப்பாத்தும் இடுப்பில் கையுமாக பிலோமினா அக்கா. ஒரு பக்கம் தொப்பி வைத்த ஒல்லி மனிதர். மறுபக்கம் கறுப்புக் கண்ணாடியும் கழுத்தில் பட்டாம்பூச்சி டையுமாக ஒரு பருத்த மனிதர். மூவர் தலைக்கும் மேலே, கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு கிழிந்த குடை.

மறுநாள் வேலைக்குப் போனேன். மேடைக்கு அடியில் நான்கு மூலையிலும் எடையை உணர்கிற லோட் செல் இருக்கும். அதில் ஒன்று செத்திருந்தது. புதியது கொழும்பிலிருந்து சனிக்கிழமைதான் வரும் என்றார்கள். வேலையில்லாமல் இரண்டு நாள். இப்படி ஒரு தண்டனை எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

வியாழன் மாலை படத்தில் இருந்த மற்ற இருவரும் ஒத்திகைக்கு வந்தார்கள். ஒல்லியானவர் சிவஞானம் மாஸ்டர். பாலையூற்றில் வீடு, கணக்கு வாத்தியாராக இருந்தவர். கோஷ்டியில் ஆண் குரல் அவருடையது, மடியில் இரட்டைக் கொட்டான பொங்கோவையும் தட்டுவார். பருத்தவர் நசீர் நானா. நானா என்றால் இங்கே அண்ணன். கிண்ணியாவில் தையல் மெஷின் கடை. முன்பு அக்கார்டியன் வாசித்தாராம். அதன் துருத்தி கிழிந்துபோன பிறகு கீபோர்டு. என்னை அறிமுகப்படுத்தியதும் மாஸ்டர், “இஞ்சினியர் தம்பி, வாங்கோ, இருங்கோ” என்று கதிரையை இழுத்துப் போட்டார். நான் இன்ஜினியர் இல்லை என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அவர்கள் பாடுவதெல்லாம் அறுபது, எழுபது வருஷப் பழசு. துறைமுகத்தில் வேலைசெய்தவர்கள் தாங்களே கட்டி, கிளப்பிலும் கலியாண வீட்டிலும் பாடிய வேடிக்கைப் பாட்டுகள். அரிசிக் கூப்பனுக்கு வரிசையில் நின்றவன் வரிசையிலேயே பெண் பார்த்த கதை, துரை வீட்டு நாய்க்குக் காவல் இருந்தவன் கதை, இப்படி. எழுதியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அக்காவிடம் ஒரு தடித்த கொப்பி நிறைய வரிகள் மட்டும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முதல் பாட்டு குடைப் பாட்டு. மழையில் நனைந்து வீட்டுக்கு வரும் கணவன் கதவைத் தட்டுகிறான்:

‘கதவைத் திற கண்மணியே, காலெல்லாம் நனையுதடி!’

உள்ளே இருந்து மனைவி கேட்கிறாள்:

‘காலையிலே கொண்டுபோன குடை எங்கே சொல் மச்சான்?’

‘கப்பலிலே கப்டனுக்குக் காய்ச்சலெண்டு குடுத்தனடி!’

‘காய்ச்சலுக்குக் குடை பிடிச்சால் சுகம் வருமோ சொல் மச்சான்?’

இப்படிப் பன்னிரண்டு பொய், பன்னிரண்டு கேள்வி. கடைசியில் அவன் கெஞ்சி, புதுக் குடை வாங்கித் தருவதாகச் சத்தியம் செய்து, கோபம் போயிற்றா என்று கேட்கிறான். அவள் ஒரே சொல்லில் பதில் சொல்கிறாள். ‘ஓம்.’ இங்கே அதற்கு ஆமாம் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லைக் கீழே தொடங்கி, மேலே மேலே ஏற்றி, உச்சியில் நிறுத்தி, சபை கைதட்டி ஓயும்வரை பிலோமினா அக்கா விடாமல் பிடித்திருப்பாராம். மூதூர் அம்மாவின் தகப்பனார் கதிரையிலிருந்து விழுந்தது அங்கேதான்.

ஒத்திகையில் அந்த ‘ஓம்’ வரவில்லை. அதற்கு முந்தைய வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் கேட்டேன்.

“ஒத்திகையில அதைப் பாடுறேல்ல தம்பி” என்றார் மாஸ்டர். “முப்பது வருசமா அதுதான் வழக்கம். அது சபைக்கு உரியது. வீட்டில செலவழிக்கக் கூடாது.”

ஆனால் மற்ற வரிகளைக் கேட்டதிலேயே எனக்குச் சங்கதி புரிந்துவிட்டது. மனைவியின் கேள்விகள் ஒவ்வொன்றும் பாதி தூரம் ஏறி, அங்கே பிசிறு தட்டி, காற்றாகப் போயின. மற்ற இருவரும் கேட்காததுபோல முகத்தை வைத்துக்கொண்டு, “நல்லாத்தான் வருது, நல்லாத்தான் வருது” என்றார்கள். அந்தப் பொய்யை ஒரு பச்சைக் குழந்தைகூட நம்பாது.

அவர்கள் போன பிறகு அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே தானாகச் சொன்னார். எட்டு மாதத்துக்கு முன்னால் கழுத்தில் ஆபரேஷன். கட்டியை எடுத்தார்கள், உயிர் தப்பியது, குரல் திரும்பி வந்தபோது இப்படி வந்தது. அதற்குப் பிறகு கோஷ்டி மேடை ஏறவில்லை. வருகிற ஞாயிறு, துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர்களின் ஒன்றுகூடல். மதியச் சாப்பாடு முடிந்ததும் பாட்டு.

“ஞாயிற்றுக்கிழமை பாடிப் பாப்பன் தம்பி. அந்த ‘ஓம்’ வராட்டி, இவ்வளவு போதும் எண்டு விட்டுடுவன். கோஷ்டியும் முடிஞ்சுது. என்னால அவை ரெண்டு பேரும் சபையில வெக்கப்படக் கூடாது.”

நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். பழுதான சாமானைக் கண்டால் கழற்றி மாற்றத் தெரிந்தவனுக்கு இந்த மாதிரி நேரத்தில் வாய் வராது. தேத்தண்ணி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். படுத்த பிறகு என்மேலேயே கோபமாக வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து சாப்பிட வரும்படி நசீர் நானா கிண்ணியாவுக்கு அழைத்திருந்தார். ஆட்டோவில் கிளம்பினேன், இங்கே அதைத் திரீவீல் என்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது. நடுரோட்டில் ஒரு புள்ளிமான் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரனைத் தொடவில்லை. “ஒரு ஆரன் அடிங்க” என்றேன். “அது எழும்பும்போது எழும்பும். அதுக்கும் வெயில்தானே” என்றார். எங்கள் நெடுஞ்சாலையில் ஆம்புலன்ஸுக்கே வழி விடமாட்டார்கள். பதினைந்து நிமிஷம் நானும் அந்த மானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நசீர் நானா வீட்டில் ஒரு பெரிய தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு முன்னால் இருந்த சோற்றுக் குவியல் குறையவே இல்லை. நான் தின்னத் தின்ன யாரோ என் பக்கம் இறைச்சியைத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். கை கழுவிய பிறகு நானா என்னைக் கடைக்குள் கூட்டிப்போய், தையல் மெஷின்களுக்கு நடுவே உட்காரவைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

“அவ பாடுற சுருதி அவவுக்கு இப்ப உசரம் தம்பி. மூணு படி இறக்கிட்டா லேசாப் பாடிடுவா. டாக்டரும் அதைத்தான் சொன்னார். ஆனா அவ என்ன சொன்னா தெரியுமா? ‘இறக்கிப் பாடினா அது என்ர பாட்டில்லை. ஆராவது இறக்கினா நான் மேடையால இறங்கிடுவன்’ எண்டுட்டா. நாங்க வாயே திறக்கல்ல.”

“அப்ப என்ன பண்ணப் போறீங்க?”

“அல்லாஹ் ஒரு வழி காட்டுவான்” என்றவர், கண்ணைச் சிமிட்டினார். வழி அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

சனிக்கிழமை புதிய லோட் செல் வந்துசேர்ந்தது. மாட்டி, மேடையைக் கழுவி, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, எடைக் கற்களை மூலை மூலையாக வைத்துப் பார்த்தேன். நாற்பது கிலோ போன இடம் தெரியவில்லை. என் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. எதைத் தொடுவதற்கு முன்னாலும் பூஜ்யத்தைப் பார். கூடவோ குறையவோ இருந்தால் முதலில் அதைச் சரிபண்ணு, பிறகு மற்றதைத் தொடு. எல்லாம் முடிந்ததும் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று அச்சடித்த பச்சை ஸ்டிக்கரில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு ஒட்டுவேன். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பெட்டியைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஸ்டிக்கர் கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மாலையில் நசீர் நானா கீபோர்டைக் கொண்டுவந்து அக்காவின் ஹாலில் வைத்தார். மறுநாள் பாடப்போகும் மண்டபம் இங்கிருந்து பக்கம் என்பதால் இரவு இங்கேயே இருக்கட்டும் என்று ஏற்பாடு. அக்கா குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். நானா அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கீபோர்டில் ஒரு பொத்தானை மூன்று தடவை அமுக்கினார். அதன் சின்னத் திரையில் கழித்தல் மூன்று என்று விழுந்தது. கையும் விரலும் பழையபடியே வாசிக்கும். ஆனால் வெளியே வருகிற சுருதி மூன்று படி இறங்கியிருக்கும். உள்ளே பேட்டரி இருப்பதால் அணைத்தாலும் அந்த எண் மறக்காது.

“மாஸ்டருக்கும் சொல்லல்ல. அவருக்கு முகத்துல பொய் நிக்காது. நீங்களும் மூச்சு விடப்படாது, சரியா?” என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சத்தியம் செய்தேன்.

ஞாயிறு காலை. அக்கா கோயிலுக்குப் போயிருந்தார். கோயில் என்று இவர் சொல்வது தேவாலயம். நான் பாணும் சம்பலும் தின்றுகொண்டிருந்தபோது மாஸ்டர் மட்டும் தனியாக வந்தார். பாண் என்பது பெட்டி ரொட்டி. சம்பல் என்பது நாக்கில் வைக்கிற நெருப்பு. மாஸ்டர் உட்காரவில்லை. வாசலை இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

“இஞ்சினியர் தம்பி, எனக்கொரு உதவி. வாசிக்கிற கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்தனான். இதில சுருதி இறக்கிற பொத்தான் எதெண்டு பாத்து, மூண்டு தரம் அமத்திவிடுங்கோ. நானாக்கும் தெரியாது, பிலோமினாக்கும் தெரியாது. நானாக்குச் சொன்னா அவர் வாய் தவறி உளறிப்போடுவார்.”

பாணைத் தட்டில் வைத்துவிட்டேன். நானா ஏற்கெனவே இறக்கிவிட்டார் என்று சொன்னால் சத்தியம் போயிற்று. முடியாது என்றால் ஏன் என்று கேட்பார். மாஸ்டரின் கண்ணைப் பார்த்தேன். முப்பது வருஷம் கரும்பலகையில் தப்புக் கணக்கைப் பொறுக்காத மனிதர், கள்ளத்தனம் பழக்கமில்லாமல் வேர்த்துப்போய் நின்றார்.

“அவ இண்டைக்குப் பாடாட்டி, இனி வீட்டைவிட்டு வெளிக்கிட மாட்டா தம்பி. எனக்குத் தெரியும்” என்றார்.

எங்கள் மேடைகள் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண் காட்டும். மூன்றும் ஆறும் எனக்கு ஒன்றுதான். சங்கீதத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். பூஜ்யம் பார்க்காமல் எதையும் தொடாதவன், கழித்தல் மூன்று என்று பளிச்சென்று தெரிகிற பெட்டியில் மேலும் மூன்று தடவை அமுக்கினேன். கழித்தல் ஆறு.

மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பாரந்தூக்கி ஓட்டியவர்கள், கணக்கப்பிள்ளைகள், படகோட்டிகள், அவர்களுடைய மனைவிமார். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மேசைக்கு மேசை கலந்து உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து வட்டிலப்பம் என்ற இனிப்பு வந்தது. முன்வரிசையில் ஒரு கிழவர், காது கேளாதவர்கள் பேசுகிற உச்சக் குரலில், “பிலோமினா! ‘ஓம்’ இருக்குதுதானே?” என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அந்தச் சிவப்புச் சப்பாத்து மட்டும் வாசல் பக்கமே திரும்பி நின்றதை மூன்றாம் வரிசையில் இருந்த நான் பார்த்தேன்.

நசீர் நானா மேடைக்குரிய கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் கீபோர்டை முடுக்கினார். அதற்குள் இருந்து எண்ணைப் படிக்க அவரால் எப்படி முடியும்? பொங்கோ தொடங்கியது. பிறகு முதல் ஸ்வரம் வந்தது.

அது கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. சங்கீதம் தெரியாத எனக்கே ஏதோ தலைகீழாகிவிட்டது என்று விளங்கியது. அக்காவின் தலை சட்டென்று கீபோர்டு பக்கம் திரும்பியது. நானாவைப் பார்த்தார். நானா மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கூரையைப் பார்த்தார். மூவருக்கும் ஒரே நேரத்தில் வெளிச்சமாகிவிட்டது. ஆனால் கை நிற்கவில்லை. நின்றால் முப்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சபையில் பாட்டு நின்றதாகும். கணவனின் முதல் வரி வந்துவிட்டது. மாஸ்டர் வாயைத் திறந்தார்.

‘கதவை…’

வெறும் காற்று. அவ்வளவு ஆழத்துக்கு அவர் குரல் போகாது. மறுபடி முயன்றார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது, சத்தம் வரவில்லை. சபையில் ஒருவர் சிரித்தார், இன்னொருவர் அவரை அடக்கினார். பிறகு யாருமே சிரிக்கவில்லை. மாஸ்டரின் முகம் சுருங்கிப்போயிற்று. நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். இதைச் செய்தது என் விரல். எழுந்து ஓடிவிடலாமா என்று வாசலைத் தேடினேன்.

அப்போது பிலோமினா அக்கா மாஸ்டரிடம் போனார். அவர் தலையிலிருந்த தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். கிழிந்த குடையை அவர் கையில் திணித்தார். சபையைப் பார்த்து நின்று, அந்தக் கரகரத்த கட்டைக் குரலில், கதவைத் தட்டுகிறமாதிரி ஒவ்வொரு சொல்லாகத் தட்டினார்.

‘கதவைத் திற கண்மணியே, காலெல்லாம் நனையுதடி!’

பிசிறு இல்லை, காற்று இல்லை. முழுக் குரல். எட்டு மாதமாக அது நிற்க ஒரு இடம் தேடிக்கொண்டிருந்ததுபோல, வந்து பொருந்தி உட்கார்ந்துவிட்டது. மாஸ்டருக்கு வேறு வழியில்லை. பொங்கோவை இறக்கிவைத்து, குடையைத் தலைக்குமேல் பிடித்து, இடுப்பில் கை வைத்து, மெல்லிய கீச்சுக் குரலில் மனைவியாகிவிட்டார்.

‘காலையிலே கொண்டுபோன குடை எங்கே சொல் மச்சான்?’

மண்டபம் வெடித்தது. வட்டிலப்பக் கிண்ணங்கள் உருண்டன. பன்னிரண்டு பொய்யையும் அக்கா சொன்னார். ஒவ்வொன்றுக்கும் முன்னைவிடப் பெரிய சிரிப்பு. பொய் சொல்கிற புருஷனுக்கு அந்தக் குரல் அப்படிப் பொருந்தியது. கடைசியில் முழங்காலில் நின்று, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கோபம் போயிற்றா என்று கெஞ்சினார். இப்போது ‘ஓம்’ மாஸ்டருடையது. வாழ்க்கையில் அதைப் பாடியிராத மனிதர் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினார். நாலு நொடியில் குரல் கிறீச்சிட்டு உடையப் பார்த்தது.

அது உடைவதற்குள் கீழேயிருந்து இன்னொரு ‘ஓம்’ வந்து அதைத் தாங்கியது. அக்கா முழங்காலில் நின்றபடியே பிடித்தார். மாஸ்டர் மூச்சு வாங்கி நின்ற பிறகும் அவர் விடவில்லை. கைதட்டல் எழுந்து, ஓய்ந்து, அவர் இன்னும் விடவில்லை என்று தெரிந்ததும் மறுபடி எழுந்தது. முன்வரிசைக் கிழவர் எழுந்து நின்றுவிட்டார். நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத பெண்மணி கைக்குட்டை தருகிற அளவுக்கு அழுதேன்.

மேடைக்குப் பின்னால் போனபோது விசாரணை நடந்துகொண்டிருந்தது.

“ஆர் தொட்டது?” என்றார் அக்கா.

நானா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். “நான்தான். மூணு.”

“நானும்தான்” என்றார் மாஸ்டர். “மூண்டு. அமத்தினது தம்பி.”

மூவரும் என்னைப் பார்த்தார்கள். “நானா இறக்கினது எனக்குத் தெரியும்க்கா. வெளியே சொல்லமாட்டேன்னு அவருக்கு வாக்குக் குடுத்துட்டேன். அதான்…” என்று நின்றேன். அக்கா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“முதல் சத்தம் கேட்டோண்ண எனக்கு வந்த கோவத்துக்கு, சொன்ன மாதிரி மேடையால இறங்கியிருப்பன்” என்றார். “அதுக்குள்ள மாஸ்டரின்ர முகத்தைப் பாத்திட்டன். நான் பாடாட்டி அவருக்கு ஆர் இருக்கினம்? என்ர குரலைப் பற்றி நினைக்கவே நேரமில்லை.” அவர் இருவரையும் பார்த்தார். “எட்டு மாசமா நீங்கள் ரெண்டு பேரும் என்னைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். இண்டைக்குத்தான் நான் ஒராளைத் தூக்கினனான்.”

மாஸ்டர் தொப்பியைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டார். “இது இனி என்ர. நீங்கள் சப்பாத்தைப் போடுங்கோ” என்றார். நானா சிரித்த சிரிப்பில் டையின் ஊக்கு தெறித்து விழுந்தது.

திங்கள் காலை நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டார். மண்டபத்திலிருந்து திரும்பி வந்த கீபோர்டு ஹாலில் இருந்தது. திரையில் அதே எண்.

“தம்பி, உங்கட அந்தப் பச்சைத் தாள் மிச்சம் இருக்குதோ?”

இருந்தது. எடை மேடையைத் தவிர வேறெதிலும் அதை நான் ஒட்டியதில்லை. ஒட்டினேன் என்று தெரிந்தால் கம்பெனியில் விளக்கம் கேட்பார்கள். தேதி போட்டேன். அளவு என்ற இடத்தில் கழித்தல் ஆறு என்று எழுதினேன். பிழை என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டு, அந்தப் பொத்தானின் மேலேயே அழுத்தி ஒட்டினேன். இனி யார் இறக்கினாலும் ஏற்றினாலும் கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும். அக்கா விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

வாசலில் திரீவீல் வந்து நின்றது. நான் சொல்லிக்கொள்ளத் திரும்பினேன். அதற்குள் போன் அடித்தது. அக்கா எடுத்து “ஹலோ” என்றார். மறுமுனையில் யாரோ அறை கேட்கிறார்கள். என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எனக்கு அவர் முகத்திலேயே தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இடுப்பில் ஒரு கையை வைத்தார்.

“ஓம், சேர்தான் கதைக்கிறன்” என்றார். “எத்தினை பேர் வாறீங்கள்?”